வாசகர் கேள்வி–பதில்: காலைப் பேப்பரும் மங்காவும்

ஜப்பானிய நாளிதழ்களையும், மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைத் தொடர்களையும் ஒப்பிட்டுக் கேட்டு வந்த கேள்விகளில் சில, பதில்களோடு.

'ஒன் பீஸ்' மங்கா 50 கோடிப் பிரதி என்கிறார்கள். உலகிலேயே அதிகம் விற்கும் நாளிதழ்களில் ஒன்றான யோமியூரியே உச்சத்தில் ஒரு கோடிதான். அப்படியானால் ஜப்பானியர்கள் செய்தியைவிடப் படக்கதையைத்தான் அதிகம் படிக்கிறார்களா? — திருச்சி வாசகர்

கணக்கு சறுக்குகிறது. யோமியூரியின் ஒரு கோடி என்பது ஒரே ஒரு காலைக்கு. 'ஒன் பீஸ்' தொடரின் 50 கோடியோ 1997 ஜூலையில் தொடங்கி 2022 வரை, நூற்றுக்கும் மேற்பட்ட தொகுதிகளில், ஜப்பானிலும் வெளிநாடுகளிலும் அச்சிட்டதன் மொத்தக் கூட்டல். ஒரு கோடி ஓடிய காலத்தில் யோமியூரி அந்த 50 கோடியை ஐம்பதே நாளில் தொட்டிருக்கும்.

இன்னொன்று: பதிப்பகங்கள் சொல்லும் எண் பெரும்பாலும் அச்சிட்ட பிரதிகள், கடையில் விற்றுத் தீர்ந்தவை அல்ல. பேப்பர் கணக்கிலும் இந்தக் கோளாறு உண்டு. விநியோகக் கடைக்குப் போய்ச் சேர்ந்த கட்டு எல்லாம் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்ததாகச் சொல்ல முடியாது.

நாளிதழைத் தராசில் வைத்தால் மறுதட்டில் வைக்கவேண்டியது மங்காத் தொடரை அல்ல, அந்தத் தொடர் வாராவாரம் வெளியாகும் இதழை. 'ஷோனென் ஜம்ப்' வார இதழின் உச்சம் 65 லட்சத்து 30 ஆயிரம், 1994 கடைசியில். அதுதான் யோமியூரிக்கு எதிரே நிற்கத் தகுந்த எண். இரண்டுமே அந்த உயரத்திலிருந்து இறங்கிவிட்டன: யோமியூரி இன்று 60 லட்சத்துக்கும் கீழே, ஜம்ப் இறங்கிய வேகம் அதைவிட அதிகம்.

மங்காத் தொகுதிக்கு நாளிதழில் இணை இல்லையா என்றால், உண்டு. 'ஷுகுசத்ஸுபான்' என்று பெயர். ஒரு மாதத்துப் பேப்பரையும் சிறிதாக்கி, ஒரே புத்தகமாகக் கட்டிப் போடுவது. அசாஹி நாளிதழ் 1919-லேயே இதைத் தொடங்கிவிட்டது. ஆனால் அதை வாங்கியது நூலகம். மங்காத் தொகுதியை வாங்குவது பள்ளிக்கூடப் பிள்ளை. வித்தியாசம் அங்கேதான். பேப்பருக்கு வரும்படி அன்றைய இதழிலேயே முடிந்துவிடுகிறது. மங்காவுக்குத் தொகுதியில்தான் தொடங்குகிறது.

மகள் ஜப்பானிய மொழித் தேர்வில் என்-3 முடித்துவிட்டாள்; அடுத்து என்-2. "நாளிதழ் படி" என்கிறார் ஆசிரியர். மங்காவை விடமாட்டேன் என்கிறாள் மகள். யார் சொல்வது சரி? — சென்னை வாசகி

தேர்வு வரைக்கும் ஆசிரியர் பக்கம்தான். அதற்காக மங்காவைப் பிடுங்கிவிடாதீர்கள்.

முதலில் எழுத்து. ஜப்பானிய அரசின் பொதுப்பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 கான்ஜி (சீன வழி வந்த) எழுத்துகள் (2010 திருத்தம்). நாளிதழ் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்ளேயே நிற்கும். உள்ளே இருப்பதற்கு உச்சரிப்புக் குறிப்பு போடாது, வெளியே போனால்தான் போடும். ஷோனென் (சிறுவர்) மங்காவிலோ ஒவ்வொரு கான்ஜிக்கும் பக்கத்தில் ஃபுரிகானா, அதாவது குட்டி எழுத்தில் உச்சரிப்பு, அச்சாகியிருக்கும். படிக்க வசதி, ஆனால் கண் அந்தக் குட்டி எழுத்திலேயே வழுக்கிக்கொண்டு போய்விடும். நூறு தொகுதி முடித்தவர்கள்கூட அதே சொல்லைக் குறிப்பில்லாமல் பார்த்தால் விழிப்பது இதனால்தான். மருந்து ஒன்று உண்டு: ஒரு அத்தியாயம் முடித்ததும் ஐந்து சொற்களை எடுத்து, மறுநாள் ஃபுரிகானா இல்லாமல் கையால் எழுதிப் பார்க்கவேண்டும்.

அடுத்தது நடை. மங்காவில் வரும் 'ஓரெ' (நான்), 'ஒமாஎ' (நீ), 'ஜா நே' (இல்லை) போன்றவை தெருப்பேச்சு. கம்பெனி நேர்முகத்தில் அதைப் பேசினால் மேலாளரை "டேய்" என்று கூப்பிட்ட மாதிரி ஆகும். நாளிதழின் நடை வேறு. வாக்கியம் மரியாதை விகுதி இல்லாமல் 'தா', 'தே அரு' என்று முடியும். தலைப்புகளிலோ வேற்றுமை உருபும் வினையும் காணாமல் போய்விடும். பழகாதவர்கள் இடறுவது தலைப்பில்தான். மூன்று குறிப்புகள்:

தலைப்பின் கடைசியில் 'எ' என்ற உருபு மட்டும் தொங்கினால், "இனி நடக்கப் போகிறது" என்று பொருள். 'பிரதமர், அமெரிக்கப் பயணம் எ' என்றால் போகவிருக்கிறார், போய்விட்டார் அல்ல.

கடைசியில் 'கா' வந்தால் அது கேள்வி இல்லை. "என்று தெரிகிறது, இன்னும் உறுதியாகவில்லை" என்ற எச்சரிக்கை.

நாடுகளுக்கு ஒற்றை எழுத்துச் சுருக்கம். அரிசியைக் குறிக்கும் கான்ஜியைத் தலைப்பில் பார்த்தால் பெரும்பாலும் அது அமெரிக்கா. புத்தரைக் குறிக்கும் எழுத்து பிரான்ஸ். 'இன்' என்று படிக்கும், முத்திரை என்று பொருள்படும் எழுத்து நம் நாடு. 'நிச்சி-இன்' என்றால் ஜப்பான்–இந்தியா.

தினம் அரைமணி நேரம் போதும். முதல் பத்து நிமிடம் ஐந்து தலைப்புகள்: விட்டுப்போன உருபையும் வினையையும் வாய்விட்டு நிரப்பவேண்டும். அடுத்த பத்து நிமிடம் ஒரே செய்தியின் முதல் பத்தி மட்டும்: யார், எப்போது, எங்கே, என்ன என்று அடிக்கோடு. முழுச் செய்தியையும் படிக்கத் தொடங்கினால் நான்காம் நாள் பேப்பர் மூலைக்குப் போய்விடும். முதல் பத்தியில் சொன்னதைத்தான் மீதி விரித்துச் சொல்கிறது என்பதால் விட்டாலும் நட்டமில்லை. முதல் பக்க அரசியலில் தொடங்காதீர்கள். வானிலை, விபத்து, உள்ளூர்ச் செய்திகளில் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். கடைசிப் பத்து நிமிடம் நாளிதழிலேயே வரும் நான்கு கட்டப் படக்கதை ஒன்று. வீட்டுப் பேச்சு, தெருச் சண்டை வசனம் இல்லாமல். வாரக் கடைசியில் அவளுடைய மங்கா ஒரு அத்தியாயம். சண்டைக் கதைக்குப் பதில் பள்ளி, சமையல், அலுவலகம் என்று நடக்கும் கதையாக இருந்தால் சொல்லுக்குச் சொல் உதவும்.

பேப்பர் பெரிதாக மிரட்டினால் 'அசாஹி ஷோகக்ஸெய் ஷிம்புன்' என்ற சிறுவர் நாளிதழில் தொடங்கலாம். அதில் ஃபுரிகானா உண்டு. என்-1 பக்கம் வந்த பிறகு அசாஹியின் முதல் பக்க அடியில் வரும் 'தென்ஸெய் ஜிங்கோ' பத்தியைக் கையால் எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி. சுமார் 600 எழுத்து, முக்கோணக் குறிகளால் பிரித்த ஆறு பத்தி. இப்படி எழுதிப் பார்ப்பதற்கென்றே கட்டம் போட்ட நோட்டு விற்கிறார்கள்.

மங்காவை வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும் என்று தெரியும். ஆனாலும் பாதிப் பக்கத்தில் வழி தவறுகிறது. ஜப்பான் பேப்பரும் இப்படித்தானா? — நாகர்கோவில் வாசகர்

கட்டத்தைப் பார்க்காதீர்கள், கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளை இடைவெளியைப் பாருங்கள். பக்கவாட்டில் அடுத்தடுத்த கட்டங்களுக்கு நடுவே இடைவெளி குறுகலாக இருக்கும். மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவே அகலமாக இருக்கும். குறுகலான இடைவெளியை முதலில் தாண்டு, அகலமான இடைவெளியைப் பிறகு தாண்டு. இவ்வளவுதான் விதி.

குழப்பம் வருவது உயரமான கட்டத்தில். அது வலப்புறம் இருந்தால் முதலில் அதைப் படித்து, பிறகு இடப்புறம் அடுக்கியிருக்கும் இரண்டையும் மேலிருந்து கீழாக. அது இடப்புறம் இருந்தால் வலப்புற அடுக்கு இரண்டும் முதலில், உயரமானது கடைசியில். பேச்சுக் குமிழிகளிலும் வலது மேல் மூலைதான் தொடக்கம்.

ஒரு கூடுதல் தகவல்: வலப்பக்கம் பைண்டிங் செய்த புத்தகத்தில் வலப்பக்கம் இரட்டை எண், இடப்பக்கம் ஒற்றை எண். ஓவியர் அதிர்ச்சியை ஒளித்து வைக்கும் இடம் ஒற்றை எண் பக்கத்தைத் திருப்பியதும் வரும் இரட்டை எண் பக்கம். இடப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் யாராவது வாயைப் பிளந்து நின்றால் எதைப் பார்த்து என்பது அடுத்த பக்கத்தில்தான்.

பேப்பரும் வலப்பக்கம் மடிப்புள்ளதுதான். முதல் பக்கத்தில் வலது மேல் மூலை அன்றைய தலைமைச் செய்தி. இடது மேல் பகுதிக்கு 'கதா', அதாவது தோள். பக்கத்தின் நடுவே பெட்டி கட்டி வருவதற்கு 'ஹெஸோ', தொப்புள். பத்தி கிடைமட்டப் பட்டைகளாக அடுக்கியிருக்கும். வரி அந்தப் பட்டைக்குள் மேலிருந்து கீழாக இறங்கும், பத்துப் பதினைந்து எழுத்துக்குள் முடியும். பட்டையின் இடது ஓரம் வந்ததும் நேர் கீழே உள்ள பட்டையின் வலது ஓரத்துக்குத் தாவவேண்டும். படம் குறுக்கிட்டால் கோடு எங்கே போட்டிருக்கிறது என்று பாருங்கள். கோட்டைத் தாண்டினால் வேறு செய்திக்குள் நுழைந்துவிடுவீர்கள். பெரிய கிடைமட்டத் தலைப்பு மட்டும் இடமிருந்து வலம். ஒரே பக்கத்தில் இரண்டு திசையும் ஓடுவது அவர்களுக்குப் பழக்கம்.

எழுத்துருவிலும் பார்த்தவுடன் தெரியும். பேப்பர் எழுத்து இடம் மிச்சம் பிடிக்கக் கொஞ்சம் தட்டையாக்கிய மின்ச்சோ (தடிப்பும் மெலிவுமாக ஓடும் எழுத்துரு). மங்காக் குமிழியிலோ கான்ஜி தடித்த கோதிக்கிலும் (ஒரே தடிப்பான எழுத்துரு), கானா (ஒலியெழுத்து) பழைய பாணி மின்ச்சோவிலுமாகக் கலந்திருக்கும், 'அன்ச்சி-கோச்சி' என்பார்கள்.

நம் தினத்தந்தி 'கன்னித்தீவு' போல ஜப்பான் பேப்பரிலும் தினப் படக்கதை உண்டா? — விருதுநகர் வாசகர்

உண்டு. ஆனால் நேர் எதிர் இனம். 1960-ல் தொடங்கிய கன்னித்தீவில் நாளுக்கு இரண்டு மூன்று கட்டத்தில் சிந்துபாத் ஒரு அடி நகர்வார். முடியாத வழக்கையெல்லாம் "கன்னித்தீவு" என்று நாம் சொல்வது அதனால்தான். ஜப்பான் நாளிதழின் 'யோன்கோமா' நான்கு கட்டத்தில் அன்றைக்கே முடிந்துவிடும். நாளைக்கு மிச்சம் வைக்காது.

இதில் தாய் வீடு 'ஸஸாஎ-சான்'. ஹசெகாவா மச்சிகோ வரைந்தது. 1946 ஏப்ரல் 22 அன்று ஃபுகுவோகாவின் உள்ளூர் மாலை இதழில் தொடங்கி, பிறகு அசாஹிக்கு வந்து, 1974 பிப்ரவரி வரை ஓடியது. போருக்குப் பிந்தைய ரேஷன் வரிசை முதல் டெலிவிஷன் வந்த காலம் வரை அத்தனையும் அதில் இருக்கிறது; ஸஸாஎ-சானுக்கு மட்டும் வயது ஏறவில்லை. யோமியூரியில் உஎதா மஸாஷியின் 'கோபோ-சான்' 1982 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. அசாஹியில் இஷிஇ ஹிஸாஇச்சி 1991-ல் தொடங்கிய தொடர் பிறகு 'நோனோ-சான்' என்று பெயர் மாறியது. இடம் பெரும்பாலும் சமூகச் செய்திப் பக்கத்தின் இடது மேல் மூலை: கொலை, தீ விபத்துச் செய்திகளுக்குப் பக்கத்திலேயே.

நான்கு கட்டத்துக்கு இலக்கணம் உண்டு: கி, ஷோ, தென், கெத்ஸு. எடுப்பு, தொடுப்பு, திருப்பம், முடிப்பு. சீன நான்கு வரிக் கவிதையிலிருந்து வந்தது. புதிதாக வரைகிறவர்கள் திருப்பத்தை நான்காவது கட்டத்துக்குத் தள்ளிவிடுவார்கள். சிரிப்பதற்கு இடமே இருக்காது. இன்னொரு தொல்லை, கட்டங்கள் செங்குத்தாக அடுக்கியிருப்பதால் முதலாவதைப் படிக்கும்போதே கண் ஓரத்தில் நான்காவது தெரிந்துவிடும். அதனால் கைதேர்ந்தவர்கள் நான்காவது கட்டத்தில் பெரிய படத்தை வைக்காமல், நகைச்சுவையை வசனத்திலோ மூலையில் உள்ள சின்னப் பொருளிலோ வைப்பார்கள்.

பக்கத்திலிருக்கும் செய்தி இதற்குத் தலைகீழ். முக்கியமானது முதல் பத்தியில். இடம் போதாவிட்டால் உதவி ஆசிரியர் வாலிலிருந்து வெட்டுவார். யோன்கோமாவில் வாலை வெட்டினால் ஒன்றும் மிஞ்சாது.

தொடர்கதை ஆசைக்கு ஜப்பான் நாளிதழ்கள் நாவலை வைத்துக்கொண்டன. நத்ஸுமெ ஸோஸெகியின் 'கொக்கோரோ' 1914-ல் அசாஹியில் தினத்தொடராக வந்ததுதான்.

அனிமேஷன் படிக்கிறேன். வார மங்கா பக்கத்தை எந்த அளவில் வரைகிறார்கள்? பேப்பருக்கு வரைகிறவரும் அதே முறையா? கெடு யாருக்கு நெருக்கம்? — கோவை வாசகர்

வணிக மங்காவின் மூலத்தாள் B4: 257 × 364 மி.மீ. அதில் 220 × 310 மி.மீ. வரைதான் வெட்டிய பிறகு மிஞ்சும். உள்ளே 180 × 270 மி.மீ. சட்டம், வசனமும் முகமும் அந்தச் சட்டத்துக்குள் இருக்கவேண்டும். வெளியே போனால் ஒன்று கத்தியில் போகும், இல்லாவிட்டால் பைண்டிங் மடிப்புக்குள் போகும். ஓரம் வரை படம் ஓடுகிற கட்டமானால் வெட்டுக்கோட்டைத் தாண்டியும் வரைந்துவிடுங்கள்; இல்லாவிட்டால் ஒரு வெள்ளைக் கீற்று மிஞ்சும்.

அந்தத் தாள் வார இதழின் B5 அளவுக்குச் சுமார் 83 சதவீதமாகச் சுருங்கும். தொகுதியில் ஏறத்தாழ பாதி. ஆக ஒரே கோடு மூன்று உயிர் வாழவேண்டும். மூலத்தில் அழகாகத் தெரிந்த மயிரிழைக் கோடு தொகுதியில் அறுந்துபோகும். புள்ளி நிழல் தாளான ஸ்க்ரீன்டோனை மிக நெருக்கமான புள்ளிகளில் எடுத்தால் சுருங்கியதும் அடைத்துக் கறுப்பாகும். ஒன்றின்மேல் ஒன்று கோணல்மாணலாக ஒட்டினாலோ, சாம்பல் நிறப் படமாக ஸ்கேன் செய்து சுருக்கினாலோ 'மொய்ரே' எனப்படும் அலைஅலையான கோலம் விழும். கணினியில் வரைந்தால் மூல அளவிலேயே 600 டிபிஐ, வெறும் கறுப்பு–வெள்ளை, சாம்பல் வேண்டாம்.

பேப்பர் படக்காரருக்குச் சிக்கல் வேறு. நியூஸ்பிரின்ட் மை உறிஞ்சும். கோடு தடிக்கும், சின்ன வெள்ளை இடம் அடைபடும். அதனால் தடித்த கோடு, குறைந்த நிழல், பின்னணியில் ஒரு கதவும் ஒரு மேசையும். சோம்பல் என்று நினைக்கவேண்டாம்.

கெடு விஷயத்தில் இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாது. வார மங்காக்காரருக்கு வாரத்துக்குச் சுமார் 19 பக்கம். பாதி வாரம் 'நேமு' எனப்படும் பென்சில் முன்வரைவுக்கு, பொறுப்பாசிரியர் ஒப்புக்கொண்ட பிறகு மீதி வாரம் மைக்கு, உதவியாளர்களோடு. நேமு இரண்டு முறை திரும்பி வந்தால் தூக்கம் போனது. அதற்கு மேல் வாசகர் அஞ்சலட்டை: பிடித்த மூன்று கதைகளை வரிசையாக எழுதி அனுப்பும் ஜம்ப் வழக்கத்தில், ஓட்டு விழாத தொடர் பத்து வாரத்தைச் சுற்றியே மூட்டை கட்டவேண்டிவரும். யோன்கோமாக்காரருக்கு ஓட்டுச் சீட்டு இல்லை. ஆனால் காலைப் பதிப்பு வராத மாதம் ஒருநாள் விடுமுறை தவிர தினம் ஒன்று வேண்டும்.

செய்தியாளர்களின் கெடுவைப் பேப்பரிலேயே பார்க்கலாம். பக்க ஓரத்தில் 13, 14 என்று பதிப்பு எண் இருக்கும். எண் பெரிதானால் பிந்திய பதிப்பு. டோக்கியோ நகருக்குள் 14 கிடைக்கும். தொலைவான ஊருக்கு முந்திய எண். இரவு ஆட்டத்தின் முடிவு ஒரு ஊர்ப் பேப்பரில் இருந்து இன்னொரு ஊர்ப் பேப்பரில் இல்லாமல் போவதற்குக் காரணம் இதுவே.

ஜப்பானில் பேப்பருக்கு ஒரு வரி, மங்காவுக்கு ஒரு வரியாமே? — புதுச்சேரி வாசகர்

ஆம். 2019 அக்டோபர் 1 முதல் நுகர்வு வரி 10 சதவீதம். சந்தா கட்டி வாங்கும், வாரம் இருமுறையாவது வரும் செய்தித்தாளுக்கு 8. மங்கா எதுவானாலும் 10. வார இதழுக்குச் சந்தா கட்டினாலும் 10. அதே பேப்பரை ரயில்நிலையக் கடையில் ஒற்றைப் பிரதியாக வாங்கினால் அதற்கும் 10. மின்பதிப்புக்கும் 10. சோறும் செய்தியும் அத்தியாவசியம் என்பது வாதம்; பேப்பர்காரர்கள் தங்களுக்காகவே வாதாடி வாங்கிக்கொண்டார்கள் என்ற முணுமுணுப்பும் அங்கே உண்டு.

ஜப்பானிலிருந்து வந்த பழைய பேப்பர், ஜம்ப் இதழ், மங்காத் தொகுதிகள் மூன்றும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. பழுக்கின்றன. என்ன செய்ய? — தூத்துக்குடி வாசகி

முதல் வேலை, மூன்றையும் பிரிப்பது. நியூஸ்பிரின்டில் மரக்கூழின் லிக்னின் என்ற பொருள் அப்படியே இருக்கிறது. ஒளியும் காற்றும் பட்டால் பழுத்து, அமிலம் கசிந்து, பக்கத்தில் இருக்கும் நல்ல தாளையும் பழுக்க வைக்கும்.

பேப்பரை மடிக்காமல் விரித்து, அமிலமற்ற தாள் இடையிட்டுத் தட்டையான பெட்டியில் வையுங்கள். லாமினேட் செய்யாதீர்கள், பழுப்பதை அது நிறுத்தாது, திரும்ப எடுக்கவும் முடியாது. செல்லோடேப், ரப்பர் பேண்ட் இரண்டும் கூடாது. உள்ளடக்கம்தான் முக்கியமென்றால் இப்போதே 400 டிபிஐ-யில் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

ஜம்ப் வகை இதழ்கள் மறுசுழற்சித் தாள். இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் சாயம் ஏற்றியிருப்பது பழைய மையின் அழுக்கை மறைக்கத்தான். படித்துத் தூக்கிப் போடவே செய்தது. அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அட்டை, வண்ணப் பக்கங்களை மட்டும் காப்பாற்றினாலே வெற்றி.

தொகுதிகளில் கெடுவது முதுகு. உருக்கிய பசையில் ஒட்டியது. முழுதாக விரித்து அழுத்தினால் வெடித்து இதழ் இதழாகக் கழன்றுவிடும். நிமிர்த்தி அடுக்குங்கள், நெருக்கித் திணிக்காதீர்கள். தூத்துக்குடி உப்புக்காற்றுக்கு மூடிய பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் வேண்டும். மாதம் ஒருமுறை ஜெல்லை மாற்றுங்கள் அல்லது காயவைத்துப் போடுங்கள். பூச்சி இருந்தால் புத்தகத்தை ஜிப் பையில் காற்றெடுத்து மூடி, ஃப்ரீஸரில் இரண்டு வாரம். வெளியே எடுத்த பின் ஒரு நாள் முழுதும் பையைத் திறக்காதீர்கள், திறந்தால் தாள் வியர்க்கும். வேப்பிலை, வசம்பு போடுவதானால் துணியில் முடிந்து பெட்டி மூலையில். பக்கங்களுக்கு நடுவே வைத்தால் கறை.

மங்காவுக்கும் மாங்காய்க்கும் சம்பந்தம் உண்டா? — கும்பகோணம் வாசகர்

இல்லை. ஜப்பானிய 'மன்' என்பது கட்டற்ற, மனம்போன. 'கா' என்பது படம். ஓவியர் ஹொகுஸாய் தன் படத்தொகுப்பின் முதல் பகுதியை 1814-ல் இந்தப் பெயரில்தான் வெளியிட்டார். நம் மாங்காய் போனது வேறு திசையில்: கேரளக் கரையில் கப்பலேறியது. போர்த்துகீசிய மொழியில் மாம்பழத்துக்கு இன்றைக்கும் பெயர் 'மங்கா'.